சர்வர் லாக் கோப்பில் தேதி வாரியாக வடிகட்டுவது எப்படி: ரெகெக்ஸ் முழு வழிகாட்டி

"மார்ச் 12 அன்று மதியம் தளம் சரியாக இயங்கவில்லையாமே, என்ன நடந்தது?" சர்வரைக் கவனித்துக்கொள்பவரிடம் இப்படி ஒரு கேள்வி வராத மாதம் இல்லை. பதில், சர்வரில் நடப்பதை வரி வரியாகப் பதியும் லாக் கோப்பில்தான் இருக்கிறது. ஆனால் அது பல லட்சம் வரிகளுக்கு நடுவே கிடக்கிறது. அன்றைய வரிகளை மட்டும், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குக் கையில் இருக்க வேண்டிய கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெகெக்ஸ்: தேட வேண்டிய எழுத்துகளின் அமைப்பை (பேட்டர்னை) குறிகளால் விவரிக்கும் முறை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ரெகெக்ஸுக்கு எண் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும். 12 என்பது அதற்குப் பன்னிரண்டு அல்ல. ஒரு 1, அதை அடுத்து ஒரு 2, அவ்வளவுதான். தேதி வடிகட்டலில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. இங்கே கட்டளைப் பெயர்களையும் மாதச் சுருக்கங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். "மார்" என்று இருக்கும் இடத்தில் உங்கள் லாக் கோப்பில் உள்ள மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தை, முதல் எழுத்து பெரியதாகவும் மற்ற இரண்டும் சிறியதாகவும், இடுங்கள். எண்களும் குறிகளும் அப்படியே பொருந்தும்.

முதல் படி: வரியைப் படியுங்கள்

எந்தக் கட்டளையையும் எழுதும் முன் கோப்பின் முதல் சில வரிகளைத் திறந்து பாருங்கள். சர்வருக்குச் சர்வர் தேதி எழுதும் விதம் மாறுகிறது. ஒரே சர்வரின் இரண்டு கோப்புகளுக்குள்ளேயும் மாறுகிறது.

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருள்களின் அணுகல் லாக் (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு) இரண்டும் இயல்பாக இப்படித் தொடங்கும்:

192.0.2.15 - - [12/மார்/2024:14:07:31 +0530] "கெட் /பொருள்/45 எச்டிடிபி/1.1" 200 5123

சதுர அடைப்புக்குள் நாள், மாதம், ஆண்டு, அதன்பின் ஒரு முக்காற்புள்ளி, மணி, நிமிடம், விநாடி, கடைசியில் நேர வலயம். ஆண்டுக்கும் மணிக்கும் இடையே இடைவெளி கிடையாது, முக்காற்புள்ளிதான். நாள் எப்போதும் இரண்டு இலக்கம். ஏழாம் தேதி என்றால் 07.

என்ஜின்எக்ஸின் பிழை லாக் வேறு மாதிரி:

2024/03/12 14:07:31

மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் டபிள்யூ3சி எனப்படும் லாக் வடிவம் இன்னொரு மாதிரி:

2024-03-12 08:37:31

மூன்றும் ஒரே கணத்தைக் குறிப்பவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் மணி ஏன் 08:37? ஐஐஎஸ் இந்த வடிவத்தில் உலகப் பொது நேரத்தில், அதாவது யூடிசியில் எழுதுகிறது. ஐந்தரை மணி நேர வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. அப்பாச்சியின் பிழை லாக் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது: கிழமை, மாதம், நாள், நேரம் என்று சென்று ஆண்டு கடைசியில் வருகிறது. அணுகல் லாகுக்கு எழுதிய பேட்டர்னை அதில் ஓட்டினால் ஒரு வரிகூடக் கிடைக்காது.

ஆக, இந்தப் படியில் இரண்டு விடைகள் தேவை. தேதி எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது? எந்தக் கடிகாரத்தின் நேரம் அது?

இரண்டாம் படி: ஒரே ஒரு நாள்

லினக்ஸில் கையருகே இருக்கும் கருவி கிரெப். 1970களின் தொடக்கத்தில் கென் தாம்சன் எழுதியது. ஈடி என்ற பழைய எடிட்டரில் "கோப்பு முழுவதும் இந்த ரெகெக்ஸைத் தேடி அச்சிடு" என்பதற்கான கட்டளையின் எழுத்துகளே அதற்குப் பெயராயின. பிறந்ததே நம் வேலைக்காகத்தான் என்று சொல்லலாம்.

கிரெப் -ஈ '\[12/மார்/2024:' கோப்பு

சிறியதுதான், ஆனாலும் ஒவ்வொரு குறிக்கும் காரணம் உண்டு. -ஈ விருப்பத்தைப் பெரிய எழுத்தில் கொடுங்கள்; பின்னால் வரும் பேட்டர்ன்களுக்கு அது தேவை. சதுர அடைப்புக்கு ரெகெக்ஸில் தனிப் பொருள் இருப்பதால், அதை வெறும் எழுத்தாகக் கொள்ளச் சொல்ல முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு. இறுதியில் உள்ள முக்காற்புள்ளி, ஆண்டு அங்கே முடிந்து நேரம் தொடங்குவதை உறுதி செய்கிறது. இருபுறமும் ஒற்றை மேற்கோள் இல்லாவிட்டால் பேட்டர்ன் கிரெப்பைச் சென்றடையும் முன், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதில் கை வைத்துவிடும். சாய்வுக்கோட்டுக்குக் கிரெப்பில் எந்தப் பாதுகாப்பும் வேண்டியதில்லை. ஆனால் செட், ஆக் ஆகிய மற்ற லினக்ஸ் உரைக் கருவிகளில் சாய்வுக்கோடே பேட்டர்னின் எல்லையாக இருப்பதால், அங்கே ஒவ்வொரு சாய்வுக்கோட்டுக்கும் முன்னால் பின்சாய்வு தேவை.

அந்தத் தொடக்க அடைப்பு எதற்கு, தேதியை மட்டும் தேடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. லாக் வரியில் தேதி ஓரிடத்தில் மட்டும் வருவதில்லை. முகவரியிலேயே தேதி இருக்கும் தளங்கள் ஏராளம். 2024-03-12 என்று வெறுமனே தேடினால், ஏப்ரலில் யாரோ அந்தத் தேதிக்குரிய பக்கத்தைத் திறந்த வரியும் சேர்ந்து வரும். எனவே தேதியை அதன் இடத்தில் கட்டிப்போட வேண்டும். தேதியில் தொடங்கும் லாக் என்றால் வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் ^ போதும்:

^2024-03-12 

அணுகல் லாக் ஐபி முகவரியில் தொடங்குவதால் ^ மட்டும் உதவாது. முழு உறுதி வேண்டுமானால் "வரியின் தொடக்கம், அடைப்பு அல்லாத எழுத்துகள் எத்தனையோ, பிறகு முதல் அடைப்பு" என்று எழுதுங்கள்:

^[^[]*\[12/மார்/2024:

பார்க்கச் சிக்கலாகத் தெரிந்தாலும் இதையே நான் பரிந்துரைப்பேன். கோரிக்கையில் வேண்டுமென்றே போலித் தேதியைச் செருகி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். முதல் அடைப்பில் கட்டிப்போட்ட பேட்டர்னை அவர்கள் எளிதில் ஏமாற்ற முடியாது. இனி வரும் உதாரணங்களில் படிக்க வசதியாகச் சிறிய வடிவத்தையே தருகிறேன்.

மூன்றாம் படி: நாள் வரம்பு

பலரும் சறுக்கும் இடம் இது. பத்தாம் தேதி முதல் பதினைந்தாம் தேதி வரை வேண்டும். கை தானாக இப்படி எழுதும்:

[10-15]/மார்/2024

நானும் இப்படி எழுதி ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறேன். எண்ணிக்கை நம்பும்படியாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை, நானும் படவில்லை. உண்மையில் நடந்தது வேறு. சதுர அடைப்பு ஒரே ஓர் எழுத்தைத்தான் குறிக்கும். [10-15] என்றால் "1, அல்லது 0 முதல் 1 வரை, அல்லது 5". அதாவது 0, 1, 5 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. ஆகவே அந்தப் பேட்டர்ன் பிடித்தவை 01, 05, 10, 11, 15, 20, 21, 25, 30, 31 ஆகிய பத்து நாள்கள். கேட்ட ஆறு நாள்களில் மூன்று விடுபட்டு, கேட்காத ஏழு நாள்கள் உள்ளே வந்துவிட்டன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வரவும் வராது. தொடக்க அடைப்போடு \[[10-15]/ என்று எழுதியிருந்தால் இரண்டு இலக்கம் பொருந்தாமல் பூஜ்ஜியம் வந்திருக்கும், பிழையும் அப்போதே தெரிந்திருக்கும். தேதியைக் கட்டிப்போடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

சரியான வழி, வரம்பைப் பத்துகளாக உடைப்பது. பத்து முதல் பதினைந்து வரை ஒரே பத்துக்குள் அடங்குவதால் இது எளிது:

\[1[0-5]/மார்/2024:

ஏழு முதல் இருபத்து மூன்று வரை என்றால் மூன்று துண்டுகள். முதல் துண்டு, தொடக்க நாளிலிருந்து அந்தப் பத்து முடியும் வரை: 0[7-9]. நடுவில் முழுதாக அடங்கும் பத்து: 1[0-9]. கடைசித் துண்டு, இறுதிப் பத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு நாள் வரை: 2[0-3]. மூன்றையும் | என்ற "அல்லது" குறியால் இணைத்தால்:

\[(0[7-9]|1[0-9]|2[0-3])/மார்/2024:

அந்த வளைவு அடைப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "அல்லது" குறி பேட்டர்ன் முழுவதையும் மூன்றாகப் பிளந்துவிடும். நடுத் துண்டு வெறும் 1[0-9] ஆகிவிடும். ஐபி, மணி, நிமிடம், பைட் அளவு என எங்காவது பதின்மத்தில் ஓர் எண் இல்லாத லாக் வரி அரிது. எனவே ஏறக்குறைய முழுக் கோப்பும் வந்து விழும்.

இலக்கத்துக்குப் பின்சாய்வோடு ஒற்றை எழுத்தைச் சேர்த்து எழுதும் குறுக்கம் ஒன்று உண்டு. பைத்தான், பெர்ல் ஆகியவற்றில் அது இயங்கும். கிரெப்பின் -ஈ முறையில் அதை நம்ப முடியாது. [0-9] எங்கும் இயங்கும் என்பதால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மாத எல்லையைத் தாண்டுவது

பிப்ரவரி 27 முதல் மார்ச் 3 வரை, 2024:

\[(2[7-9]/பிப்|0[1-3]/மார்)/2024:

நாளும் மாதமும் சேர்ந்து ஒரு துண்டு. அடைப்புக்குள் இரண்டு துண்டுகள், பொதுவான ஆண்டு வெளியே. 2024 லீப் ஆண்டு என்பதால் 29 உண்டு. மற்ற ஆண்டுகளில் 2[7-9] என்றே விட்டாலும் கேடில்லை; இல்லாத நாளுக்கு வரியும் இருக்காது. ஆண்டும் மாறினால் ஆண்டையும் துண்டுக்குள் கொண்டுபோங்கள்:

\[(3[01]/டிச/2023|0[1-4]/ஜன/2024):

ஐந்தாம் படி: மணியும் நிமிடமும்

சிக்கல் ஒன்றை ஆராயும்போது முழு நாளும் தேவைப்படுவதில்லை. மதியம் 2 மணி முதல் 5 மணிக்கு முன்வரை:

\[12/மார்/2024:1[4-6]:

கடைசி முக்காற்புள்ளி மணிப் பகுதி முடிந்ததைச் சொல்கிறது. இனி சற்றுக் கடினமானது, 13:45 முதல் 14:20 வரை:

\[12/மார்/2024:(13:(4[5-9]|5[0-9])|14:([01][0-9]|20)):

இதை வெளியிலிருந்து உள்ளே படியுங்கள். மணி 13 என்றால் நிமிடம் 45இலிருந்து 59 வரை. மணி 14 என்றால் 00இலிருந்து 20 வரை. இது 14:20:59 வரை எடுக்கும் என்பதைக் கவனியுங்கள். சரியாக 14:20க்கு முன் நிறுத்த வேண்டுமானால் "|20" பகுதியை நீக்குங்கள். "வரை" என்ற சொல் அந்த நிமிடத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேள்வி கேட்டவரிடமே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இரவு 10 மணி முதல் விடியற்காலை 2 மணிக்கு முன்வரை என்றால் தேதி நடுவில் மாறும்:

\[(12/மார்/2024:2[23]|13/மார்/2024:0[01]):

நேரத்தோடு வேறு நிபந்தனைகளையும் கோக்கலாம். அன்று மதியம் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் 500 வரிசைப் பிழை (சர்வர் தரப்புப் பிழை) பெற்ற கோரிக்கைகள் மட்டும்:

\[12/மார்/2024:14:.*" 5[0-9][0-9] 

கோரிக்கையை மூடும் மேற்கோள், ஓர் இடைவெளி, பிறகு நிலைக்குறி (விளைவைச் சொல்லும் மூன்று இலக்க எண்) என்ற வரிசையை இது பயன்படுத்துகிறது. நடுவில் உள்ள .* என்றால் எந்த எழுத்தும் எத்தனை முறையும். குறிப்பிட்ட ஐபி ஒன்றைச் சேர்ப்பதானால் அதன் புள்ளிகளுக்கு முன் பின்சாய்வும், முடிவில் ஓர் இடைவெளியும் இடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் 192.0.2.15ஐத் தேடும்போது 192.0.2.150உம் உள்ளே வரும்.

ஆறாம் படி: எந்த ஊர்க் கடிகாரம்

ஐஐஎஸ் போன்ற சர்வரின் லாக் யூடிசியில் எழுதப்படுகிறது. கேட்பவரோ தன் கடிகாரத்தில் மார்ச் 12 என்கிறார். இரண்டும் ஒரே நாள் அல்ல. யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னிருக்கும் நேர வலயத்தில் மார்ச் 12 என்பது, யூடிசியில் மார்ச் 11 மாலை 18:30:00க்குத் தொடங்கி மார்ச் 12 மாலை 18:29:59க்கு முடிகிறது. ஐஐஎஸ் கோப்பில் அதற்கான பேட்டர்ன்:

^2024-03-(11 (18:[3-5]|19|2[0-3])|12 (0[0-9]|1[0-7]|18:[0-2]))

அரை மணி வித்தியாசத்தை 18:[3-5] என்றும் 18:[0-2] என்றும் நிமிடத்தின் பத்தாம் இலக்கத்தாலேயே பிரித்துவிட்டோம். இதை எழுதச் சோம்பல்பட்டு யூடிசி நாளையே எடுத்துக்கொண்டால், அன்று விடியற்காலை 5:30 முதல் இரவு 12 வரையிலான தடயத்தை யூடிசியின் மார்ச் 12இல் தேடுகிறீர்கள். அது அங்கேதான் இருக்கும். ஆனால் நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5:30 வரை நடந்தது முந்தைய நாளின் கணக்கில் ஒளிந்துகொள்ளும். அதற்குப் பதிலாக, கேட்காத அடுத்த நாளின் முதல் ஐந்தரை மணி உங்கள் அறிக்கைக்குள் நுழையும்.

கோடைக்கால நேரத்தைப் பின்பற்றும் இடங்களில் இன்னொரு நுணுக்கம். இலையுதிர் காலத்தில் கடிகாரம் பின்னே செல்லும் நாளில் ஒரு மணி நேரம் இரு முறை வரும். நியூயார்க் நேரத்தில் 2024 நவம்பர் 3 அன்று 01:30 இரண்டு முறை வந்தது. லாக் வரியில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது வலயக் குறி மட்டுமே: முதலாவது -0400, இரண்டாவது -0500. அப்படிப்பட்ட நாளில் பேட்டர்னில் அதையும் சேர்க்க வேண்டும்:

\[03/நவ/2024:01:[0-9][0-9]:[0-9][0-9] -0400

ஏழாம் படி: சுழற்றப்பட்ட கோப்புகள்

லாக் கோப்புகள் அவ்வப்போது சுழற்றப்பட்டு, பழையவை எண்ணிடப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. சுழற்சி சரியாக நள்ளிரவில் நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதிகாலையில் நடந்தால் ஒரே நாள் இரண்டு கோப்புகளில் கிடக்கும். எனவே சந்தேகத்துக்குரிய கோப்புக்கு முன்பும் பின்பும் உள்ளவற்றையும் சேர்த்தே தேடுங்கள். ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டவற்றில் தேட இசட்கிரெப் இருக்கிறது.

பல கோப்புகளைக் கொடுத்தால் கிரெப் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கோப்பின் பெயரை ஒட்டிவிடும். அந்த வெளியீட்டை வேறு கருவிக்கு அனுப்பினால் அது வரியைப் புரிந்துகொள்ளாது. பெயரை நீக்க -எச் விருப்பத்தைச் சிறிய எழுத்தில் கொடுங்கள்.

ஐஐஎஸ் கோப்புகளில் # குறியுடன் தொடங்கும் தலைப்பு வரிகள் உண்டு. எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்பதை அவைதான் சொல்கின்றன. தேதியை மட்டும் வைத்து வடிகட்டினால் அவை உதிர்ந்துபோகும். அறிக்கைக் கருவி திணறும். அவற்றையும் காப்பாற்றுங்கள்:

^(#|2024-03-12 )

எட்டாம் படி: சரிபார்ப்பு

இதைத் தவிர்ப்பவர்களிடம் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. தவறான ரெகெக்ஸ் கத்துவதில்லை. அமைதியாகத் தவறான எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பிடித்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

முதலில் வடிகட்டிய முடிவின் முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். பிறகு அந்த முடிவில் எந்தெந்தத் தேதிகள் எத்தனை முறை இருக்கின்றன என்று எண்ணுங்கள்:

கட் -டி'[' -எஃப்2 முடிவு | கட் -டி: -எஃப்1 | சார்ட் | யூனிக் -சி

இங்கே | என்பது "அல்லது" அல்ல; ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய். முதல் கட்டளை அடைப்புக்குப் பின்னுள்ளதை வெட்டி எடுக்கிறது. இரண்டாவது அதில் முதல் முக்காற்புள்ளி வரை எடுக்கிறது. மற்ற இரண்டும் அடுக்கி எண்ணுகின்றன. ஏழு முதல் இருபத்து மூன்று வரை கேட்டிருந்தால் பதினேழு தேதிகள் வர வேண்டும். பத்துதான் வந்தால் [10-15] போன்ற ஒன்று எங்கோ இருக்கிறது. இதே கட்டளையை மூலக் கோப்பிலும் ஓட்டி, ஒவ்வொரு தேதியின் எண்ணும் இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பூஜ்ஜியம் வந்தால் உடனே "அன்று யாரும் வரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். தேதியைத் தானாக நிரப்பும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் மொழி அமைப்பைப் பாருங்கள். அப்பாச்சி மாதத்தை எப்போதும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் எழுதும். ஆனால் டேட் கட்டளை, கணினி எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த மொழியில் மாதப் பெயரைத் தரும். தமிழ் அமைப்பில் ஓடும் கணினி தமிழில் மாதத்தைத் தந்து, கிரெப் அதை ஆங்கில லாகில் தேடினால் பூஜ்ஜியம்தான் வரும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மொழி மாறியை "சி" என்று வைப்பது இதைத் தீர்க்கும்.

ரெகெக்ஸைக் கீழே வைக்க வேண்டிய இடம்

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதப்பட்ட தேதிக்கு ஓர் அழகு உண்டு. எழுத்து வரிசையும் கால வரிசையும் அதில் ஒன்றே. அப்படியிருக்க வரம்பைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆக் கருவியில் நேரடியாக ஒப்பிடலாம்:

ஆக் '$1 >= "2024-02-27" && $1 <= "2024-04-09"' கோப்பு

$1 என்பது வரியின் முதல் நெடுவரிசை, இங்கே தேதி. மூன்று மாதங்களில் பரவிய வரம்பு, ஒரே வரியில். ரெகெக்ஸில் இதையே எழுதிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். நாளில் தொடங்கும் அப்பாச்சி வடிவத்துக்கு இது பொருந்தாது. அதனால் புதிதாகச் சர்வர் அமைப்பவர்களுக்கு என் யோசனை: லாக் வடிவத்தையே ஐஎஸ்ஓ 8601 முறைக்கு, அதாவது ஆண்டில் தொடங்கும் இந்தச் சர்வதேசத் தேதி முறைக்கு, மாற்றிவிடுங்கள். என்ஜின்எக்ஸில் அதற்கென்றே ஒரு மாறி தயாராக இருக்கிறது. அப்பாச்சியிலும் லாக் வடிவ வரியில் தேதியின் அமைப்பை நாமே தரலாம். அறிக்கைக் கருவி புதிய வடிவத்தைப் புரிந்துகொள்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட் கருவியில் "இந்த வரியிலிருந்து அந்த வரிவரை" என்று எடுக்கும் முறையைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தொடக்கமாகக் கொடுத்த நிமிடத்தில் ஒரு கோரிக்கையும் வராவிட்டால் எதுவுமே கிடைக்காது. முடிவாகக் கொடுத்தது பொருந்தாவிட்டால் கோப்பின் கடைசி வரை ஓடும். இன்னும் ஒன்று: அப்பாச்சி குறிக்கும் நேரம் கோரிக்கை வந்த நேரம், வரி எழுதப்படுவதோ அது முடிந்த பிறகு. 13:59க்குத் தொடங்கிய நீண்ட பதிவிறக்கம் 14:05 வரிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே சோதிக்கும் கிரெப்புக்கு இந்த வரிசைக் குழப்பம் பொருட்டல்ல.

அறிக்கைக் கருவிக்கு அனுப்புதல்

வடிகட்டிய வரிகளை, லாக் வரிகளிலிருந்து அறிக்கை தயாரிக்கும் கோஅக்சஸ் போன்ற கருவிக்குக் குழாய் வழியே நேரடியாக அனுப்பலாம். குறிப்பிட்ட நாள்களுக்கான முழு அறிக்கை அப்படியே கிடைக்கும். அதே வகைக் கருவியான ஏடபிள்யூஸ்டாட்ஸைப் பயன்படுத்துபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அது கால வரிசையை எதிர்பார்க்கிறது. ஏற்கெனவே பதிந்த நேரத்துக்கு முந்தைய வரிகளைப் புறக்கணித்துவிடும். மார்ச் அறிக்கை முடிந்தபின் பிப்ரவரி வரிகளைக் கொடுத்தால் அவை சேராது. பழைய காலத்துக்கு அறிக்கை வேண்டுமென்றால் தனியான தரவு அடைவு ஒன்றை அமைத்து, பழைய கோப்பிலிருந்து புதியதை நோக்கி வரிசையாகக் கொடுங்கள்.

அறிக்கையை அனுப்பும்போது அதன் தலையில் மூன்று விவரங்களை எழுதிவிடுங்கள்: பயன்படுத்திய பேட்டர்ன், நேர வலயம், தேடிய கோப்புகளின் பெயர்கள். ஆறு மாதம் கழித்து யாராவது அந்த எண்ணிக்கையைக் கேள்வி கேட்டால், அதே கட்டளையை அவர்களே மீண்டும் ஓட்டிப் பார்த்துக்கொள்ள முடியும்.